மலைவீட்டுப் பழைய மோட்டாரும் பிரஷர் டேங்கும்: மாற்றினால் எதற்கு மாற்றுவது?

ஏற்காட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் குளியலறை. சுற்றிலும் காப்பிச் செடி, நிழலுக்கு சில்வர் ஓக். வீட்டுக்குக் கீழே சரிவில் கிணறு. மாதத்தில் ஐந்தாறு நாள்தான் போய்த் தங்குவோம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்து மெயினைப் போட்டு, குழாயைத் திறந்ததும் பம்பு அறையில் 'டக்' என்று சத்தம். மூன்று நொடியில் மறுபடி 'டக்'. மோட்டார் கிளம்புகிறது, நிற்கிறது, திரும்பக் கிளம்புகிறது. குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சொன்னார்: "ரெண்டு வாரமா இப்படித்தாங்க சார் அடிச்சுக்குது. எரிஞ்சு போயிடுமோன்னு மெயினை ஆஃப் பண்ணி வெச்சிருந்தேங்க."

அந்த அக்கா மெயினை அணைத்திருக்காவிட்டால் அதற்குள் மோட்டார் காயில் கருகியிருக்கும். அந்த ஏற்பாட்டை மாற்றி முடிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குப் பிறகு மலையில் வீடு வைத்திருக்கும் இரண்டு நண்பர்கள் இதே கேள்வியோடு வந்தார்கள். கடையில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள், எதை வாங்குவது என்று குழம்பிப் போயிருந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

## முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

மோட்டார் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டால் பெரும்பாலும் கோளாறு மோட்டாரில் இருக்காது, பிரஷர் டேங்கில் இருக்கும். பம்பு ஏற்றும் தண்ணீரை அமுங்கிய காற்றோடு சேர்த்து வைத்து, குழாயைத் திறந்ததும் தள்ளிக் கொடுப்பதுதான் இந்த டேங்க்; பிரஷர் விழுந்தால் மோட்டாரைப் போடுவதும் ஏறினால் அணைப்பதும் பிரஷர் ஸ்விட்ச். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) டேங்குகளில் ரப்பர் பை கிடையாது. மேலே காற்று, கீழே தண்ணீர், இடையில் ஒன்றுமில்லை. அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து போய்விடும். ஒரு நாள் டேங்க் முழுக்கத் தண்ணீர்தான் இருக்கும். அமுங்கிக் கொடுக்கக் காற்று இல்லாததால், ஒரு சொம்பு தண்ணீர் பிடித்தாலே பிரஷர் விழுந்து மோட்டார் கிளம்பும், அடுத்த நொடியே பிரஷர் ஏறி நின்றுவிடும்.

கை முட்டியால் டேங்கை மேலிருந்து கீழாகத் தட்டிப் பாருங்கள். மேல்பாதி 'டொங்' என்று வெற்றுச் சத்தம் கொடுக்க வேண்டும். மேலிருந்து கீழ் வரை மந்தமாகவே கேட்டால் காற்று போய்விட்டது என்று அர்த்தம். ரப்பர் பை உள்ள டேங்க் என்றால், டயருக்கு இருப்பதுபோல ஒரு காற்று வால்வு இருக்கும். அதன் ஊசியை அழுத்தினால் காற்று வர வேண்டும். தண்ணீர் பீய்ச்சினால் பை கிழிந்துவிட்டது.

யாரும் குழாயைத் திறக்காமலே மோட்டார் அவ்வப்போது கிளம்பினால் புட்வால்வு (கிணற்றுப் பைப்பின் அடிமுனையில், தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு) கசிகிறது, அல்லது என்.ஆர்.வி. (பைப்பில் தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) பிடிக்கவில்லை, அல்லது வீட்டில் எங்கோ ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறது. மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருக்கலாம். வாரக்கணக்கில் சும்மா கிடந்து, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் துருப்பிடித்து இறுகியிருக்கவும் கூடும். மெயினை அணைத்துவிட்டு, பின்பக்க ஃபேனைக் கையால் நாலு சுற்று சுற்றினாலே பல மோட்டார்கள் உயிர் பெறும்.

எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்திருந்தன: டேங்கில் காற்று இல்லை, இருபது வருட ஜெட் பம்பின் (மேலே உட்கார்ந்து, கிணற்றுக்குள் இரண்டு பைப்பு இறக்கித் தண்ணீர் எடுக்கும் வகை) ஷாஃப்ட் சீலும் ஒழுகியது. அதனால் மாற்றினோம். உங்கள் வீட்டில் டேங்க் மட்டும் போயிருந்தால் டேங்கை மட்டும் மாற்றுங்கள். நல்ல மோட்டாரைக் கழற்றச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

மலைவீட்டுக்கான அளவுகோல்கள் சேலத்து வீட்டுக்கானவை போல இருக்காது. நான் முக்கியமாகப் பார்ப்பது இவை.

வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும்? தினமும் ஆள் இருக்கும் வீட்டில் ஒரு கசிவு அன்றே கண்ணில் படும். பூட்டிய வீட்டில் அது மூன்று வாரம் ஓடும். அதனால் 'எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது' என்பதைவிட 'கெட்டுப் போனால் எப்படிக் கெட்டுப் போகிறது' என்பதை நான் முதலில் கேட்பேன்.

மோட்டார் ஒரு நாளில் எத்தனை தடவை கிளம்ப வேண்டும்? ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மோட்டார் ஓடும் கரன்ட்டைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். கெபாசிட்டர், பிரஷர் ஸ்விட்சின் பாயின்ட், காயில் எல்லாம் அந்த நொடியில்தான் அடிபடுகின்றன. மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் இடங்களில் அடி இன்னும் பலமாக விழும்.

தண்ணீர் எவ்வளவு ஆழத்தில், அதுவும் ஏப்ரலில்? இதில்தான் மலை நம்மை ஏமாற்றும். மேலே இருக்கும் பம்பு தண்ணீரை 'இழுப்பது' கிடையாது. காற்றழுத்தம்தான் கீழிருந்து தண்ணீரைத் தள்ளிக் கொடுக்கிறது. கடல்மட்டத்தில் அந்தத் தள்ளல் ஏட்டுக் கணக்குக்கு 10.3 மீட்டர். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். இங்கே அது 8.6 மீட்டர்தான். கொடைக்கானல், ஊட்டி என்று 2,000 மீட்டருக்கு மேல் போனால் எட்டு மீட்டருக்கு வந்துவிடும். பைப்பில் உரசல், புட்வால்வு எல்லாம் கழித்தால் சமவெளியில் 7 மீட்டர் இழுக்கும் பம்பு ஏற்காட்டில் ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி இழுத்தால் பெரிது.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சில வருடம் முன் ஒரு மெக்கானிக், இரண்டு பைப்பு ஜெட் பம்பை எடுத்துவிட்டு ஒற்றைப் பைப்பு மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக மேலே உட்காரும் வகை) போட்டுவிட்டுப் போனார். நவம்பரில் கிணற்றில் தண்ணீர் பத்தடியில் இருந்தது, அருமையாகக் கொட்டியது. ஏப்ரலில் 24 அடிக்கு இறங்கியது. மோட்டார் ஓடியது, ஒரு சொட்டு ஏறவில்லை. பழைய ஜெட் பம்பையே தேடி எடுத்து மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று. ஆகவே கோடையில் ஒரு நாள் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் எண் இல்லாமல் பம்பு வாங்கவே கூடாது.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பிரஷர்? ஷவர் ஒன்று நிமிடத்துக்கு 8 லிட்டர், சமையலறைக் குழாய் 6, நடுவில் ஃபிளஷ். நாலு பேர் தங்கும் வீட்டுக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் தாராளம். பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு) ஒன்றரை கிலோவிலிருந்து மூன்று கிலோவுக்குள் இருந்தால் போதும். பத்து மீட்டர் உயரம் ஒரு கிலோ பிரஷருக்குச் சமம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் எல்லாக் கணக்கும் கைக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் கோடை நீர்மட்டத்திலிருந்து குழாய் வரை 18 மீட்டர். இரண்டு கிலோ பிரஷருக்கு 20 மீட்டர். பைப்பு உரசலுக்கு நாலு. மொத்தம் 42 மீட்டர். பம்பு தூக்க வேண்டிய இந்த மொத்த உயரத்தைத்தான் 'ஹெட்' என்பார்கள். கடையில் போய் "ஒரு ஹெச்.பி. மோட்டார் கொடுங்க" என்று கேட்காதீர்கள். "42 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு 20 லிட்டர் வரணும்" என்று கேளுங்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 'அதிகபட்ச ஹெட்' என்பது ஒரு சொட்டுத் தண்ணீரும் வராத உயரம். அதை நம்பி வாங்கினால் ஷவரில் நூல் மாதிரிதான் வரும்.

சரிசெய்ய யார் வருவார்? சேலத்திலிருந்து மெக்கானிக் வர வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். சனிக்கிழமை மாலை யாரும் வரமாட்டார்கள். உள்ளூர் பிளம்பர் கையில் இருக்கும் ஸ்பேனரும், ஏற்காட்டுக் கடையில் கிடைக்கும் கெபாசிட்டரும் போதுமா என்பதும் ஓர் அளவுகோல்தான்.

## வழி 1: அதே மாதிரி புது ஜெட் பம்பு, ரப்பர் பை டேங்க்

பழையதைக் கழற்றிய இடத்திலேயே புதிதை உட்கார வைப்பது. பைப்பு, வயர், பம்பு அறை எதுவும் மாற வேண்டாம், ஒரே நாளில் வேலை முடியும். நான் சேலத்தில் விசாரித்தபோது ஒரு ஹெச்.பி. ஜெட் பம்பு பத்தாயிரத்தை ஒட்டிச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பதால் எந்தப் பிளம்பரும் பார்ப்பார்.

இதன் குறை உள்ளேயே இருக்கிறது. ஜெட் பம்பு எடுக்கும் தண்ணீரில் ஒரு பங்கை மறுபடி கிணற்றுக்குள் அனுப்பித்தான் மீதியைத் தூக்குகிறது. அதே ஹெச்.பி. உள்ள நீர்மூழ்கிப் பம்பைவிட (சப்மெர்சிபிள்) தண்ணீர் குறைவாக வரும், யூனிட் கூடுதலாக ஓடும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இன்னொரு தொல்லை, பிரைம் போவது, அதாவது பம்பிலும் பைப்பிலும் நிறைந்திருக்க வேண்டிய தண்ணீர் இறங்கிப் போவது. புட்வால்வில் ஒரு சருகு மாட்டினால் பைப்பில் இருக்கும் தண்ணீர் மெல்லக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். மூன்று வாரம் கழித்துப் போய் ஸ்விட்சைப் போட்டால் "மோட்டார் ஓடுதுங்க, தண்ணிதான் ஏறலைங்க" என்ற கதைதான். இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு நிற்க வேண்டும். வெறுமனே ஓடவிட்டால் சீல் சூட்டில் கருகும்.

கிணற்றுக்குப் பக்கத்திலேயே வீடு, கோடையிலும் நீர்மட்டம் மேலேயே இருக்கிறது, பைப்பெல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது, கூடவே கையில் பணம் குறைவு என்றால் இந்த வழி சரி.

## வழி 2: கிணற்றுக்குள் ஓபன்வெல் சப்மெர்சிபிள், வீட்டில் ரப்பர் பை டேங்க்

பம்பு தண்ணீருக்குள்ளேயே படுத்துக்கிடக்கும். இழுக்கும் ஆழம் என்ற பேச்சே கிடையாது, மேலே தள்ள மட்டும்தான் செய்கிறது. மலை உயரம் பாதிக்காது, பிரைம் வேண்டாம், சத்தம் வீட்டுக்குக் கேட்காது. ஓடும்போது தண்ணீரே மோட்டாரைக் குளிர்விக்கிறது. நாங்கள் இதைத்தான் போட்டோம்.

இதில் டேங்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நூறு லிட்டர் டேங்க் என்றால் நூறு லிட்டர் தண்ணீர் தரும் என்று நினைக்கிறோம். தராது. ஒன்றரைக் கிலோவில் கிளம்பி மூன்று கிலோவில் நிற்கும்படி வைத்தால், மோட்டார் கிளம்பாமல் அது தருவது 35 லிட்டருக்குக் கிட்டத்தான், மீதி இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. கடையில் செட்டாக வரும் 24 லிட்டர் டேங்க் தருவது எட்டு ஒன்பது லிட்டர். பத்து நிமிடம் ஒருவர் ஷவரில் நின்றால், 24 லிட்டர் டேங்கில் மோட்டார் ஐந்தாறு தடவை கிளம்பி நிற்கும். நூறு லிட்டர் டேங்கில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு தடவை. ஆகவே செட்டை வாங்காமல் பம்பைத் தனியாகவும், நூறு லிட்டர் டேங்கைத் தனியாகவும் வாங்குங்கள். கூடுதலாகப் போகும் பணத்தை மோட்டாரின் ஆயுள் திருப்பித் தந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இதில் அதிகம். கிணறு வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருந்தால் கேபிளே ஒரு பெரிய தொகை. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளில் அந்தத் தூரத்துக்கு ஓடும்போது பத்து வோல்ட் விழும், பரவாயில்லை. ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் 40 வோல்ட்டுக்கு மேல் விழும். ஏற்கெனவே 180 வோல்ட் வரும் மாலையில் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும். இரண்டரை, முடிந்தால் நாலு சதுர மில்லிமீட்டர் போடுங்கள். அப்புறம், பம்பை நைலான் கயிற்றிலோ எஸ்.எஸ். கம்பியிலோ கட்டித்தான் இறக்க வேண்டும், கேபிளைப் பிடித்துத் தூக்கக் கூடவே கூடாது. எர்த் கம்பியும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி.யும் (கரன்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் ஸ்விட்ச்) இல்லாமல் கிணற்றுக்குள் கரன்ட் இறக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் யாரோ ஒருவர் வாளி போட்டு இறைப்பார். தண்ணீர் வற்றினால் தானாக நிற்க டிரை ரன் பாதுகாப்பும் வேண்டும், கோடைக்கு அது இல்லாமல் முடியாது. பம்பில் கோளாறு வந்தால் வெளியே தூக்க இரண்டு ஆள் கூலி. கிணற்றடியில் சேறு அதிகமென்றால் பம்பைத் தரையில் படுக்க வைக்காமல் இரண்டடி உயர்த்தித் தொங்கவிட வேண்டும்.

எல்லாம் சேர்ந்து எங்களுக்குப் பம்பு விலையைப் போல இரண்டரை மடங்கு ஆனது. ஆனாலும் இந்த ஏப்ரலில் 24 அடியிலிருந்து தண்ணீர் வந்தபோது அந்தச் செலவைப் பற்றி யாரும் பேசவில்லை.

## வழி 3: இன்வெர்ட்டர் பிரஷர் பம்பு

வி.எஃப்.டி. பம்பு என்றும் சொல்வார்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோமோ அதற்கேற்ப மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மெல்லக் கிளம்புவதால் உதைப்பு கரன்ட் இல்லை. யார் எந்தக் குழாயைத் திறந்தாலும் ஷவரில் பிரஷர் அசையாது. ஒரே நேரத்தில் நாலு பாத்ரூம் ஓடும் ஹோம்ஸ்டேவில் இதைப் பார்த்திருக்கிறேன், உண்மையிலேயே அருமையான சாதனம்.

ஆனால் மாதத்தில் ஐந்து நாள் மட்டும் ஆள் இருக்கும் வீட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இதன் மூளை ஒரு போர்டு. ஏற்காட்டில் ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் இடி மின்னலோடு மழை வரும். ஒரு மின்னலில் போர்டு போனால் ரிப்பேர் கிடையாது, போர்டையே மாற்ற வேண்டும், விலை பம்பு விலையில் பாதிக்கும் மேல் வரலாம். ஈரம், எறும்பு, பல்லி எல்லாம் அதற்கு எதிரி. பூட்டிக் கிடக்கும் பம்பு அறையில் இவை மூன்றும் தாராளம். சர்ஜ் புரொடெக்டர் (திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் கருவி), ஸ்டெபிலைசர், நல்ல எர்த் மூன்றையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்குப் போட வேண்டும். இதோடு வரும் டேங்க் ஒன்றிரண்டு லிட்டர்தான், அதனால் கரன்ட் போன நிமிடமே தண்ணீரும் போகும். பெரும்பாலான மாடல்கள் மேலே வைக்கும் வகை என்பதால் கிணற்றிலிருந்து நேரடியாக இழுக்கும் வேலைக்கும் ஒத்துவராது. தரையில் ஒரு தொட்டி கட்டி, அதை நிரப்ப இன்னொரு மோட்டாரும் வேண்டும்.

தினமும் ஆள் இருக்கிறார்கள், பாத்ரூம்கள் பல, வோல்டேஜ் நிலையாக வருகிறது, ஜெனரேட்டரோ பெரிய யு.பி.எஸ்.ஸோ இருக்கிறது என்றால் வாங்குங்கள்.

## வழி 4: மேட்டில் தொட்டி, பிரஷர் டேங்கே வேண்டாம்

கடைக்காரர் யாரும் இதைச் சொல்ல மாட்டார், ஏனென்றால் இதில் அவருக்கு விற்க அதிகம் இல்லை. சரிவில் வீடு கட்டியிருக்கிறோம். வீட்டுக்கு மேலே 15 மீட்டர் உயரத்தில் சொந்த நிலம் இருந்தால், அங்கே ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றை வைத்தாலே வீட்டில் ஒன்றரைக் கிலோ பிரஷர் கிடைத்துவிடும். ஸ்விட்ச் இல்லை, ரப்பர் பை இல்லை, கரன்ட் போனாலும் குளிக்கலாம்.

பம்பு அப்போதும் வேண்டும், கிணற்றிலிருந்து மேட்டுக்கு ஏற்ற. அது தூக்க வேண்டிய மொத்த உயரம் பிரஷர் டேங்க் ஏற்பாட்டுக்கு ஏறத்தாழ சமம்தான் (எங்கள் கணக்கில் அங்கே 42, இங்கே 15 மீட்டர் மேடு இருந்தால் 38 மீட்டர்). ஆனால் நிமிடத்துக்கு 20 லிட்டர் ஏற்றினால் ஐம்பது நிமிடத்தில் தொட்டி நிறைந்துவிடும், ஏறத்தாழ ஒரு யூனிட். ஒரே ஒரு தடவை கிளம்பினால் போதும். அதுவும் நமக்கு வேண்டிய நேரத்தில், விடிகாலையில் வோல்டேஜ் 220 இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம். வீடு பூட்டியிருக்கும்போது மெயினே அணைந்திருக்கும். எங்கோ கசிந்தால் ஆயிரம் லிட்டரோடு போகும், கிணறே வற்றும்வரை ஓடாது.

இதில் பைப்பு அளவுதான் உயிர். மேட்டிலிருந்து வீட்டுக்கு 60 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 20 லிட்டர் வரும்போது ஒரு இஞ்ச் பைப்பில் ஒன்றரை மீட்டர் உயரம்தான் உரசலில் போகும். முக்கால் இஞ்சில் நாலரை மீட்டர் போகும். அரை இஞ்சில் 18 மீட்டருக்கு மேல், அதாவது 15 மீட்டர் மேட்டின் பிரஷர் முழுவதையும் பைப்பே தின்றுவிடும். அரை இஞ்ச் பைப்பைப் போட்டுவிட்டு "மேட்டுத் தொட்டி எல்லாம் சரிவராது" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். கறுப்பு எச்.டி.பி.இ. (கெட்டியான பிளாஸ்டிக்) பைப்பு, ஒரு இஞ்ச், முடிந்தால் ஒன்றேகால்.

செலவு மண் வேலையில் இருக்கிறது. நிறைந்த தொட்டி ஒரு டன் எடை, அதனால் கீழே சமமான கான்கிரீட் மேடை வேண்டும், ஓட்டு வீட்டின் மேல் அதை ஏற்ற முடியாது. பைப்பை இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். காட்டெருமை நடமாடும் பகுதியில் வெளியே கிடக்கும் பைப்பு ஒரு மிதியில் உடையும். குரங்கு மூடியைத் திறந்து உள்ளே இறங்கி விளையாடும், அதனால் மூடியைக் கம்பியால் கட்டியே ஆக வேண்டும். தொட்டி நிறைந்ததும் மோட்டார் நிற்க, மேட்டிலிருந்து பம்பு அறை வரை ஃபுளோட் ஸ்விட்ச் வயர் இழுக்க வேண்டும்.

வீட்டுக்கு மேலே ஐந்து மீட்டர்தான் இடம் இருக்கிறதென்றால் அரைக் கிலோதான் வரும். ஷவருக்குக் குறைவு, குழாய்க்குப் போதும். எங்களுக்கு அதுதான் நிலைமை, இல்லையென்றால் நானும் இதைத்தான் செய்திருப்பேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஜெட் + டேங்க் | சப்மெர்சிபிள் + டேங்க் | இன்வெர்ட்டர் பம்பு | மேட்டுத் தொட்டி |
|---|---|---|---|---|
| முதல் செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | பம்புக்குக் குறைவு, மண் வேலைக்கு அதிகம் |
| கோடை நீர்மட்டம் 18 அடிக்குக் கீழே | இரண்டு பைப்பு மட்டும் | கவலை இல்லை | தனித் தொட்டி வேண்டும் | பம்பைப் பொறுத்தது |
| கரன்ட் போனால் | 35 லிட்டர் வரை (100 லி. டேங்க்) | 35 லிட்டர் வரை (100 லி. டேங்க்) | இல்லை | தொட்டி தீரும்வரை |
| குறைந்த வோல்டேஜ் | தாங்கும், கிளம்பச் சிரமம் | கேபிள் தடிமன் முக்கியம் | டிரிப் ஆகும் | நல்ல நேரம் பார்த்து ஓட்டலாம் |
| நீண்ட நாள் பூட்டினால் | பிரைம் போகும் | பெரிய தொல்லை இல்லை | போர்டுக்கு ஈரம் ஆபத்து | மெயினை அணைத்துவிடலாம் |
| உள்ளூர் ரிப்பேர் | எளிது | தூக்கி இறக்கக் கூலி | கம்பெனி ஆள்தான் | எளிது |
| பிரஷர் | ஏறி இறங்கும் | ஏறி இறங்கும் | ஒரே சீர் | உயரத்தைப் பொறுத்தது |

சோலார் பற்றியும் கேட்டார்கள். மேட்டுத் தொட்டியோடு சேர்த்தால் பொருந்தும், வெயில் இருக்கும்போது ஏறினால் போதுமே. பிரஷர் டேங்க்கோடு ஒத்துவராது. காப்பித் தோட்ட நிழலில் பேனல் வைக்க இடம் கிடைப்பதும் கஷ்டம்.

## எந்த வழி எடுத்தாலும் காத்திருக்கும் ஒரு செலவு

சுவருக்குள் இருக்கும் பழைய ஜி.ஐ. பைப்பு. முப்பது நாற்பது வருட அரை இஞ்ச் பைப்பில் துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருக்கும். எவ்வளவு நல்ல பம்பு போட்டாலும் ஷவரில் தண்ணீர் வராது. அதைவிட மோசம், இவ்வளவு நாள் குறைந்த பிரஷரில் தாக்குப் பிடித்த ஜாயின்ட்டுகள் மூன்று கிலோ வந்ததும் சுவருக்குள்ளேயே கசியத் தொடங்கும். புதுப் பம்பு வாங்கும் முன் ஒரு குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மோசமாக இருந்தால் முதல் பணம் பைப்புக்கு, பம்புக்கு அப்புறம்.

## யாருக்கு எது

கேட்ட நண்பர்களில் ஒருவருக்கு வீட்டுக்கு மேலே 18 மீட்டர் உயரம் வரை சொந்தத் தோட்டம். வாரக்கடைசியில் மட்டும் வருபவர். யோசிக்கவே வேண்டாம், மேட்டுத் தொட்டி என்று சொன்னேன். இன்னொருவர் அங்கேயே குடியிருந்து நாலு அறை வாடகைக்கு விடுகிறார். தரைத்தொட்டி ஏற்கெனவே இருக்கிறது, ஜெனரேட்டரும் இருக்கிறது. அவர் இன்வெர்ட்டர் பம்பு போட்டார், கூடவே நான் சொன்னபடி சர்ஜ் புரொடெக்டரும்.

எங்களைப் போல மேட்டில் இடமில்லாமல், கிணறு கீழே, வீடு பெரும்பாலும் பூட்டி என்றால் சப்மெர்சிபிளும் நூறு லிட்டர் டேங்கும். இந்த ஏற்பாட்டைப் போடுகிறவர்கள் ஒரு காரியத்தை மட்டும் பிளம்பரிடம் விட்டுவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். டேங்கில் தண்ணீர் ஏறுவதற்கு முன், காலியாக இருக்கும்போதே காற்றளவைப் பார்க்க வேண்டும். கார் டயருக்குப் பார்க்கும் கேஜ் போதும். மோட்டார் கிளம்பும் பிரஷர் ஒன்றரைக் கிலோ, அதாவது 21 பி.எஸ்.ஐ. என்றால் காற்று 19 இருக்க வேண்டும். எங்கள் டேங்க் பெட்டியிலிருந்து வந்தபோது 28 இருந்தது. அப்படியே விட்டிருந்தால், தண்ணீர் நின்று நின்று வந்திருக்கும், பம்பில்தான் கோளாறு என்று எல்லோரும் சொல்லியிருப்போம். கொஞ்சம் கொஞ்சமாக ஊசியை அழுத்திக் காற்றை இறக்கினோம். இதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். மெயினை அணைத்து, குழாயைத் திறந்து, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு.

இப்போது ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மெயினை அணைப்பதோடு, டேங்குக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் கேட் வால்வையும் மூடிவிடுகிறோம். பழைய ஜெட் பம்பை எடைக்குப் போடவில்லை. சீல் மாற்றி, எண்ணெய் தடவி, பம்பு அறையிலேயே துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். கிணற்றிலிருந்து புதுப் பம்பைத் தூக்க வேண்டி வரும் நாளில் அது கை கொடுக்கும்.